வண்டியைத் தூக்க வந்தால்

உங்கள் ஆர்சி அட்டையை எடுத்துப் பாருங்கள். பெயர், முகவரி, இன்ஜின் எண், சேஸிஸ் எண் எல்லாம் இருக்கும். கடனில் வாங்கிய வண்டி என்றால், கூடவே ஒரு வங்கியின் பெயரோ ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயரோ இருக்கும். எச்.பி. போட்ட வண்டி என்று ஆர்டிஓ ஆபீஸ் வட்டாரத்தில் சொல்வது இதைத்தான். ஷோரூமில் நீட்டிய காகிதக் கட்டில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டீர்களே, அதில் படிவம் 34-ம் ஒன்று. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 51-ஆம் பிரிவின்படி, அந்தக் கையெழுத்தைக் கொண்டுதான் கடன் கொடுத்தவரின் பெயர் ஆர்சியில் ஏறுகிறது. அது நீங்கும் வரை அவர் சம்மதமில்லாமல் வண்டியை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது.

தவணை தவறினால் வண்டியை எடுத்துக்கொள்ளும் உரிமை கடன் கொடுத்தவருக்கு உண்டு. கேட்கக் கசப்பாக இருந்தாலும் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "கோர்ட் ஆர்டர் இல்லாமல் ஒருத்தனும் வண்டியைத் தொட முடியாது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்களை நம்பித் தைரியமாக இருந்துவிட்டு, கடைசியில் வண்டியையும் பணத்தையும் சேர்த்து இழந்தவர்கள் நிறையப் பேர். தவணை கட்டாதவரின் வண்டியை ஒப்பந்தப்படி ஃபைனான்சியர் எடுத்துக்கொண்டால் அது திருட்டாகாது என்று உச்ச நீதிமன்றம் 2001-லும் 2012-லும் சொல்லியிருக்கிறது. அதே உச்ச நீதிமன்றம்தான் 2007-லும் 2008-லும் 2011-லும், அடியாட்களை அனுப்பி மிரட்டியும் பலத்தைப் பயன்படுத்தியும் வண்டியைப் பறிக்கக் கூடாது, எடுப்பதானால் சட்ட வழியில்தான் எடுக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கண்டித்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உங்கள் வண்டியின் மேல் அவர்களுக்கு ஓர் உரிமை இருக்கிறது. உங்கள் உடம்பின் மேலும், உங்கள் வீட்டு வாசலின் மேலும், உங்கள் குடும்பத்தின் நிம்மதியின் மேலும் அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. இந்த அத்தியாயத்தில் வரும் எல்லா யோசனைகளும் இந்தக் கோட்டை ஒட்டியவையே.

டியூ தவறிய முதல் மாதம்

மாதத் தவணை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும். பணம் இல்லையென்றால் பவுன்ஸ் ஆகும். உங்கள் வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும், கடன் கொடுத்தவர் ஒன்று பிடிப்பார். அத்தோடு அபராதமும் உண்டு. இந்த அபராதத்தை வட்டியாக ஏற்றி, அதன் மேல் மீண்டும் வட்டி போடும் பழக்கத்தை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட்டில் நிறுத்தச் சொன்னது. 2024 ஏப்ரல் 1 முதல் புதிய கடன்களில் அபராதம் என்பது தனிக் கட்டணம் மட்டுமே. அதை அசலோடு சேர்த்து வட்டி கணக்கிடக் கூடாது. உங்கள் கணக்குத் தாளில் பழைய பாணியில் ஏறியிருந்தால் எழுத்தில் கேளுங்கள்.

"மூணு டியூ வரைக்கும் வர மாட்டாங்க" என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. 90 நாள் தாண்டினால் கடன் வாராக்கடன் கணக்கில் சேரும் என்ற வங்கி விதியிலிருந்து இது கிளம்பியிருக்கலாம். ஆனால் அந்த விதி வங்கியின் கணக்குப் புத்தகத்துக்கானது, உங்களுக்குத் தந்த அவகாசம் ஆகாது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஒரு தவணை தவறினாலே அது ஒப்பந்த மீறல்தான். எப்போது ஆளை அனுப்புவது என்பது கம்பெனியின் முடிவு.

ஆகவே பேச வேண்டிய காலம் முதல் மாதம். போனை எடுக்காமல் இருப்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய தப்பு. வேலை போய்விட்டது, ஆஸ்பத்திரிச் செலவு வந்துவிட்டது, சவாரி குறைந்துவிட்டது என்று எது காரணமானாலும், கிளைக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். போய்விட்டு வந்ததும் அதையே மின்னஞ்சலாகவும் அனுப்புங்கள்: எத்தனை தவணை பாக்கி, எந்தத் தேதிக்குள் எவ்வளவு கட்ட முடியும், தவணைக் காலத்தை நீட்டித்து மாதத் தொகையைக் குறைக்க முடியுமா. அவர்கள் மறுக்கலாம். மறுத்தாலும், நீங்கள் ஓடி ஒளியவில்லை என்பதற்கு அந்தக் கடிதம் பின்னால் சாட்சியாக நிற்கும். இன்னொரு பலனும் உண்டு. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2008-ல் தந்த வழிகாட்டுதல்படி, கடனாளி ஒரு புகார் கொடுத்திருந்தால், அதைத் தீர்த்து முடிக்கும் வரை அந்தக் கணக்கை வசூல் ஏஜென்சிக்கு அனுப்பக் கூடாது. வேண்டுமென்றே பொய்ப் புகார்களாக அடுக்குகிறவர்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கு. கணக்கில் உண்மையான தகராறு இருந்தால், ஆள் வரும் வரை காத்திருக்காமல் முன்பே புகாரைப் பதிந்து அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டியைக் காப்பாற்றவே முடியாது என்று மனத்துக்குத் தெரிந்துவிட்டால், என் யோசனை ஒன்றுதான். அவர்கள் விற்பதற்கு முன் நீங்கள் விற்றுவிடுங்கள். கடனை முழுதாக முடிக்க எவ்வளவு ஆகும் என்று ஃபோர்குளோஷர் ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். வாங்குகிறவர் அந்தத் தொகையை நேராகக் கடன் கணக்கில் கட்டட்டும், மீதி உங்களுக்கு வரட்டும். என்ஓசி வந்ததும் பெயர் மாற்றிக் கொடுங்கள். யார்டில் வெயிலிலும் மழையிலும் நின்று, சீசிங் வண்டி என்ற பெயரோடு ஏலத்துக்குப் போகும் கார் என்ன விலைக்குப் போகும் என்பதைப் பழைய கார் வியாபாரிகளிடம் கேட்டாலே தெரியும்.

கடன் நடக்கும்போதே, "மிச்ச டியூவை நீ கட்டிக்கோ" என்று சாவியைக் கொடுத்துவிடும் வழக்கத்தையும் இங்கேயே எச்சரிக்கிறேன். கம்பெனியின் புத்தகத்தில் கடனாளி நீங்கள்தான், ஆர்சியில் உரிமையாளரும் நீங்கள்தான். வாங்கியவர் கட்டாவிட்டால் உங்கள் சிபில் ஸ்கோர் சரியும், ஜாமீன் போட்ட மைத்துனருக்கு நோட்டீஸ் போகும். வண்டி எந்த மாவட்டத்தில் ஓடுகிறது என்பதுகூட உங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஒப்பந்தத்தில் தேட வேண்டிய பக்கம்

கடன் ஒப்பந்தத்தின் நகலை, இணைப்புகளோடு, உங்களுக்குக் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் இன்றே எழுதிக் கேளுங்கள். அதில் வண்டியைத் திரும்ப எடுப்பது பற்றிய பகுதி ஒன்று இருக்கும். அந்தப் பகுதி எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று வங்கிகளுக்கும் வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. எடுப்பதற்கு முன் எத்தனை நாள் நோட்டீஸ், எந்தச் சூழ்நிலையில் நோட்டீஸ் இல்லாமலே எடுக்கலாம், எப்படி எடுப்பார்கள், விற்பதற்கு முன் பணம் கட்டக் கடைசி வாய்ப்பு எப்படித் தரப்படும், கட்டினால் வண்டியை எப்படித் திருப்பித் தருவார்கள், ஏலம் எப்படி நடக்கும் என்பவை அதில் இருக்க வேண்டும்.

நோட்டீஸ் எத்தனை நாள் என்று நாட்டுக்கே பொதுவான ஒரு கணக்கு கிடையாது. உங்கள் ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுதான். வாடகைக் கொள்முதல் முறையில் வாங்கிய வண்டி ஒன்றைப் பற்றி 2020 அக்டோபரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நோட்டீஸ் தேவையா என்பது ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்தது என்று சொன்னது. ஆனால் ஒப்பந்தத்தில் நோட்டீஸ் உண்டு என்று எழுதிவிட்டு, கொடுக்காமல் எடுத்தால் அது சேவைக் குறைபாடு. இதனால்தான் அந்த ஒரு பக்கத்தைப் படித்து வைத்திருப்பது முக்கியம். ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் தகவல் தருவது நிறுவனங்களின் கடமை. கேட்டால் விளக்கியாக வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு நடைமுறைக் குறிப்பு. வீடு மாறினால் முகவரியைக் கடன் கணக்கில் மாற்றுங்கள். நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போய், "கதவு பூட்டியிருந்தது" என்ற குறிப்போடு திரும்பியிருக்கும். கம்பெனியின் கோப்பில் அது நோட்டீஸ் அனுப்பியதற்கான ஆதாரமாக உட்கார்ந்திருக்கும்.

வருகிறவர் யார்

வருகிறவர் பெரும்பாலும் கம்பெனி ஊழியராக இருக்க மாட்டார். கம்பெனி ஒரு ஏஜென்சியிடம் பட்டியலைக் கொடுக்கும், ஏஜென்சி தன் ஆட்களுக்குக் கொடுக்கும். சுங்கச்சாவடி ஓரத்திலும் டீக்கடை வாசலிலும் நின்று, போகிற வண்டிகளின் நம்பரைப் போனில் தட்டிப் பார்க்கிற இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். பாக்கி வைத்த வண்டிகளின் எண்கள் அந்தச் செயலியில் இருக்கும். வண்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. வண்டி கிடைத்தால்தான் காசு என்பதால்தான் வேகமும் முரட்டுத்தனமும் வருகின்றன. சட்டமீறலுக்குத் தூண்டும் வகையில் ஊக்கத்தொகை இருக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2008 வழிகாட்டுதல் சொல்வது இதைத் தெரிந்துதான். அந்த இளைஞருக்கும் குடும்பம் இருக்கிறது, அவரும் கூலிக்காரர்தான். ஆனால் அவர் செய்கிற தப்புக்கு, அவரை அனுப்பிய நிறுவனமும் பொறுப்பு. ஏஜென்சி செய்தது எங்களுக்குத் தெரியாது என்று அது கைகழுவ முடியாது.

வங்கி சார்பில் வருகிறவர் முறையாக வந்திருந்தால் அவரிடம் மூன்று விஷயங்கள் இருக்கும். நிறுவனம் கொடுத்த அதிகாரக் கடிதம், அடையாள அட்டை, உங்களுக்கு அனுப்பிய நோட்டீஸின் நகல். எந்த ஏஜென்சியிடம் உங்கள் கணக்கை ஒப்படைத்திருக்கிறது என்பதையும் வங்கி முன்பே உங்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். வசூலுக்கு வருகிறவர் இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் பேங்கிங் அண்ட் ஃபைனான்ஸ் வழங்கும் வசூல் முகவர் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்றும் விதி உண்டு. வங்கி அவருடைய பின்னணியைப் போலீஸ் மூலம் சரிபார்த்திருக்கவும் வேண்டும்.

2022 ஆகஸ்ட் 12 அன்று ரிசர்வ் வங்கி இந்த விதிகளை இன்னும் இறுக்கியது. வாய்ச் சொல்லாலோ உடல் பலத்தாலோ மிரட்டக் கூடாது. பொது இடத்தில் அவமானப்படுத்தக் கூடாது. குடும்பத்தாரையும், நண்பர்களையும், கடன் படிவத்தில் பெயர் கொடுத்தவர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது. பொய்யான தகவல் சொல்லிப் பயமுறுத்தக் கூடாது.

அடுத்த மாதமே, ஜார்க்கண்ட் மாநிலம் ஹசாரிபாக் மாவட்டத்தில், தவணை பாக்கிக்காக ஒரு விவசாயியின் டிராக்டரை ஏஜென்சி ஆட்கள் ஓட்டிக்கொண்டு போனபோது, அந்த வீட்டுக் கர்ப்பிணிப் பெண் அதன் சக்கரத்தில் சிக்கி இறந்தார். வெளி ஆட்களை வைத்து வசூலிப்பதையும் வண்டி எடுப்பதையும் நிறுத்தும்படி சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2023 ஜனவரியில் அந்தத் தடை நீங்கியது. காகிதத்தில் இருக்கும் விதி வாசல் வரை வருவதற்குள் எவ்வளவு தேய்ந்துபோகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அதனால்தான் விதியை நீங்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நடுரோட்டில் நிறுத்தினால்

பைக்கில் இரண்டு பேர் குறுக்கே வந்து நிறுத்துகிறார்கள். ஒருவர் ஜன்னலைத் தட்டுகிறார். "டியூ பெண்டிங், சாவியைக் கொடுங்க." இந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

முதலில், இறங்காதீர்கள். கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள். சாவி உங்களிடமே இருக்கட்டும். இருட்டிய இடமாகவோ ஆளரவமில்லாத சாலையாகவோ இருந்தால், "அங்கே பெட்ரோல் பங்க்ல நிறுத்திப் பேசலாம்" என்றோ "ஸ்டேஷன்ல வச்சுப் பேசலாம் வாங்க" என்றோ சொல்லிவிட்டு நிதானமாகப் போங்கள். வழியை அடைத்து வண்டிமேல் வண்டியை வைத்து நின்றால், 112-க்கு அழையுங்கள். ஆள்மேல் மோதிக் கிளம்புகிற வேலை மட்டும் கூடவே கூடாது. அதுவரை உங்கள் பக்கம் இருந்த சட்டம் அந்த நொடியில் உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும்.

பிறகு காகிதம் கேளுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். "தம்பி, உங்க ஐடி கார்டையும் கம்பெனி லெட்டரையும் காட்டுங்க, போட்டோ எடுத்துக்கறேன்." முறையாக வந்தவர் காட்டுவார். காட்டத் தயங்குகிறவரிடம் பேச்சை வளர்க்கத் தேவையில்லை. கடிதத்தில் உங்கள் கடன் எண்ணும் வண்டி எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏற்கெனவே கட்டிய தவணை கணக்கில் ஏறாமல் பட்டியலில் நின்று, அதற்காக வண்டியை மறிப்பதும் நடக்கிறது. கடிதத்தில் இருக்கும் எண்ணுக்கு அழைக்காமல், உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும் கம்பெனி எண்ணுக்கே அழைத்து உறுதிசெய்யுங்கள். நடப்பதை யாராவது வீடியோ எடுக்கட்டும்.

காகிதம் சரி, பாக்கியும் உண்மை, நீங்களும் கொடுக்கச் சம்மதிக்கிறீர்கள் என்றால் அவர்கள் அமைதியாக எடுத்துப் போகலாம். நீங்கள் மறுத்தால்? கையைப் பிடித்துச் சாவியைப் பிடுங்கவோ, ஆளை இழுத்து இறக்கவோ, உங்களை உள்ளே வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டிப்போகவோ அவர்களுக்கு அதிகாரம் இல்லை. அவர்களுக்கு மிஞ்சும் வழி நீதிமன்றம். வீட்டில் நிற்கும் வண்டிக்கும் இதுவே. பூட்டிய கேட்டை உடைத்தோ, காம்பவுண்டு ஏறிக் குதித்தோ, ஷெட்டைத் திறந்தோ எடுத்தால் அது அத்துமீறல். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதாவில், தடுத்து நிறுத்துவது 126-ஆம் பிரிவிலும், அத்துமீறி நுழைவது 329-ஆம் பிரிவிலும், மிரட்டுவது 351-ஆம் பிரிவிலும் குற்றங்கள். கடன் பாக்கி இருக்கிறது என்பது இவற்றுக்குச் சமாதானம் ஆகாது.

2023 மே மாதத்தில் பாட்னா உயர் நீதிமன்றம் இதைக் கடுமையான சொற்களில் சொன்னது. அடியாட்களை வைத்து வண்டியைப் பறிப்பது வாழ்வுரிமையையும் வாழ்வாதாரத்தையும் மீறுவது என்று தீர்ப்பளித்து, தவறிழைத்த நிதி நிறுவனங்களுக்கு 50,000 ரூபாய் வீதம் அபராதமும் விதித்தது. அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் உங்கள் வக்கீல் அதை எடுத்துக் காட்டலாம்.

இனி, பலரும் கவனிக்காமல் விடும் ஒரு பொறி. சாவியைக் கொடுத்த கையோடு ஒரு தாளை நீட்டுவார்கள். "இங்க ஒரு சைன் சார், வண்டி எடுத்ததுக்கு ரசீது." பெரும்பாலும் அது சரண்டர் லெட்டர். தவணை கட்ட முடியாததால் நானே மனமுவந்து வண்டியை ஒப்படைக்கிறேன் என்று அதில் அச்சிட்டிருக்கும். பின்னால் நீங்கள் எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் அந்தத் தாள் உங்களுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். வெற்றுத் தாளில் கண்டிப்பாகக் கூடாது. தவிர்க்கவே முடியாத நிலை என்றால், தேதி, நேரம், இடம், கிலோமீட்டர் எண் ஆகியவற்றோடு "நானாக ஒப்படைக்கவில்லை" என்று உங்கள் கையால் தமிழிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். அதையும் போட்டோ எடுங்கள்.

பணமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். "பத்தாயிரம் இப்பக் குடுங்க, ரெண்டு வாரம் டைம் வாங்கித் தரேன்" என்று கேட்கிறவரிடம் கொடுத்த பணம் பெரும்பாலும் கணக்கில் ஏறாது. கட்டுவதானால் கம்பெனிக் கணக்கில் கட்டுங்கள். உடனே ரசீது வர வேண்டும்.

போலீஸ் ஸ்டேஷனில் என்ன சொல்வார்கள்

"ஸ்டேஷன்ல சொல்லிட்டுத்தான் எடுக்கறோம்" என்பார்கள். உண்மையாக இருக்கலாம். வண்டியை எடுப்பதற்கு முன்னும் பின்னும் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கு ஏஜென்சி ஒரு கடிதம் கொடுப்பது நடைமுறை. வண்டி திருட்டுப் போய்விட்டது என்று நீங்கள் புகார் கொடுத்தால் குழப்பம் வரக் கூடாதே என்பதற்காக. அது தகவல் மட்டும்தான். காவல்துறை கொடுத்த அனுமதி ஆகாது. கோர்ட் உத்தரவு இல்லாமல் போலீஸ்காரர் கூட நின்று வண்டியை எடுத்துக் கொடுக்க முடியாது. நிறுத்திவைத்த இடத்தில் வண்டியைக் காணவில்லை என்றால், முதலில் ஸ்டேஷனில் இந்தக் கடிதம் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். வரவில்லையென்றால் திருட்டுப் புகார் கொடுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவியுங்கள்.

பலத்தைப் பயன்படுத்தி எடுத்தார்கள் என்று புகாரோடு போனால், "இது சிவில் மேட்டர்ங்க, கோர்ட்ல பாத்துக்குங்க" என்பார்கள். கடன் சிவில் விஷயம்தான், ஆனால் அடித்ததும் மிரட்டியதும் சிவில் விஷயம் இல்லை. புகாரில் தவணைக் கதையைச் சுருக்கி, யார், எந்த நேரத்தில், எந்த இடத்தில், என்ன செய்தார் என்பதை விரித்து எழுதுங்கள். குறைந்தபட்சம் புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீதாவது கேட்டு வாங்குங்கள். புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள். இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். டாக்ஸி ஓட்டுகிறவர்கள், இது தொழில் வண்டியாயிற்றே என்று தயங்க வேண்டாம். சொந்தப் பிழைப்புக்காக வாங்கி ஓட்டுகிறவரும் நுகர்வோரே.

மீட்டர் வட்டிக்காரர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆர்சி புத்தகத்தையும் இரண்டாவது சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டு கைமாற்றாகக் கடன் தருகிறவரின் பெயர் ஆர்சியில் இருக்காது. எச்.பி. பதிவும் இல்லை, ரிசர்வ் வங்கிப் பதிவும் இல்லை. அப்படிப்பட்டவர் வண்டியைத் தூக்கினால் மேலே சொன்ன எந்த உரிமையும் அவருக்குப் பொருந்தாது. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. அங்கே நேராகக் காவல் நிலையம்தான்.

கோர்ட் உத்தரவோடு வந்தால்

இதற்கு முன் சொன்ன எதிர்ப்பெல்லாம் உத்தரவு இல்லாமல் வருகிறவர்களுக்கு. உத்தரவோடு வருகிறவரிடம் நடந்துகொள்ளும் விதம் வேறு.

வங்கிகளுக்கு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் ஒரு வழி தருகிறது. வாராக்கடன் ஆன பின் 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, அதற்குப் பிறகு சொத்தைக் கைப்பற்றலாம். அதை எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கு 45 நாளுக்குள் போகலாம். கார்க் கடன் கொடுக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிகள் அதிகமாக நம்புவது நடுவர் முறையை. உங்கள் ஒப்பந்தத்தில், தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பார், இடம் சென்னை என்று ஒரு வரி இருக்கும். 1996-ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்தை அணுகி, வண்டியைக் கைப்பற்ற ஒரு வக்கீலை ஆணையராக நியமிக்கச் சொல்வார்கள். அட்வகேட் கமிஷனர் என்று அழைக்கப்படும் அவர், தேவைப்பட்டால் போலீஸ் துணையோடு வருவார். உத்தரவு நகலில் வழக்கு எண் இருக்கும். இ-கோர்ட்ஸ் தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். உண்மையான உத்தரவு என்றால் தடுக்காதீர்கள், வண்டியை மறைக்காதீர்கள். அது நீதிமன்ற உத்தரவை மீறுவதாகும்.

அதற்காகக் கையைக் கட்டி நிற்க வேண்டியதும் இல்லை. நோட்டீஸ் வந்த அன்றே வக்கீலைப் பாருங்கள். ஆஜராகி, பாக்கியைத் தவணையில் கட்ட அவகாசம் கேட்கலாம். நடுவரைக் கம்பெனி தானே தன்னிச்சையாக நியமித்திருந்தால் அதையும் எதிர்க்கலாம். தகராறில் ஒரு தரப்பாக இருப்பவர் தனி ஆளாக நடுவரை நியமிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொன்னது. ஒரு தரப்பு மட்டும் ஒற்றை நடுவரை நியமிக்கலாம் என்ற ஒப்பந்த வரி சமத்துவ உரிமைக்கே விரோதம் என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் இதை ஆரம்பத்திலேயே எழுத்தில் ஆட்சேபிப்பது நல்லது. நோட்டீஸைப் பிரிக்காமல் பீரோவில் வைத்துவிட்டு, தீர்ப்பு வந்த பின் ஓடுகிறவரின் பாடு கஷ்டம்.

யார்டுக்குப் போன பிறகு

வண்டி போய்விட்டது என்பதால் கதை முடிந்துவிடவில்லை. விற்பனை நடக்கும் வரை திரும்பப் பெறும் வாய்ப்பு இருக்கிறது.

எடுக்கும்போதே இன்வென்ட்ரி தாள் எழுத வேண்டும். கிலோமீட்டர் எண், டயர்கள், ஸ்டெப்னி, ஜாக்கி, பேட்டரி, ஆடியோ, எங்கெங்கே கீறல் எல்லாம் அதில் வர வேண்டும். ஒரு பிரதி உங்களுக்கு. வண்டிக்குள் இருக்கும் உங்கள் பொருள்கள் கடனுக்கு ஈடு கிடையாது. லைசென்ஸ், லேப்டாப், மருந்து, பிள்ளையின் பள்ளிப் பை எதுவானாலும் திருப்பித் தர வேண்டும். அப்போதே எடுக்க முடியாவிட்டால் பட்டியலிட்டு அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். ஃபாஸ்டேக்கையும் உடனே முடக்குங்கள். இல்லையென்றால் யார்டுக்குப் போகும் வழி டோல் எல்லாம் உங்கள் கணக்கில்.

விற்பதற்கு முன் ஒரு கடைசி நோட்டீஸ் வரும். எத்தனை நாள் அவகாசம் என்பது ஒப்பந்தப்படி. பாக்கித் தவணை, அபராதம், சீசிங் சார்ஜ், யார்டு வாடகை என்று ஒரு தொகை சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் கணக்கு கேளுங்கள். சில கம்பெனிகள் பாக்கித் தவணையை மட்டும் கட்டினால் வண்டியை விடும். சில முழுக் கடனையும் முடிக்கச் சொல்லும். பேசிப் பாருங்கள். யார்டு வாடகை நாள்தோறும் ஏறும் என்பதால் முடிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஏலம் போனால், விற்ற தொகையைக் கடனில் கழித்த கணக்கை எழுத்தில் வாங்குங்கள். மிச்சம் இருந்தால் அது உங்கள் பணம். குறைந்தால் மீதிக்கு உங்களிடமும் ஜாமீன்தாரரிடமும் வருவார்கள். ஜாமீன்தாரரின் பொறுப்பு உங்களுடையதற்குச் சமம். நீங்கள் கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு நோட்டீஸும் வரலாம். அது வந்த 15 நாளுக்குள் பணம் கட்டினால் அந்த வழக்கு எழாது. மிக மலிவாக விற்றுவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால், விற்பதற்கு முன் எடுத்த மதிப்பீட்டு அறிக்கையைக் கேளுங்கள். நோட்டீஸ் இல்லாமல், மதிப்பீடு இல்லாமல் விற்ற வண்டிக்குப் பாக்கி கேட்பதை நுகர்வோர் ஆணையத்தில் எதிர்க்கலாம். குறைத்துக் கட்டி முடித்தால் சிபிலில் "செட்டில்டு" என்று ஏறும். அடுத்த கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். முடிந்தால் முழுதாகக் கட்டி "குளோஸ்டு" என்று பதிவாகச் செய்யுங்கள்.

ஆர்சி விஷயம் கடைசியில் வந்தாலும் கவனம் அதிகம் தேவைப்படுவது அதற்குத்தான். கம்பெனி வண்டியை எடுத்த பின் நீங்கள் ஆர்சியைக் கொடுக்க மறுத்தால், 51-ஆம் பிரிவின்படி ஆர்டிஓ உங்களுக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, உங்கள் பதிலைக் கேட்டபின், பழைய ஆர்சியை ரத்து செய்து கம்பெனியின் பெயரில் புதிதாகக் கொடுக்கலாம். கோபத்தில் ஆர்சியைப் பிடித்துவைத்துக்கொள்வதால் விற்பனை நிற்காது. மாறாக, வண்டி கைமாறி ஓடிக்கொண்டிருக்க, பதிவில் உங்கள் பெயரே நீடித்தால் ஆபத்து உங்களுக்கு. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சிக்னல் தாண்டிய இ-செலானும் உங்கள் போனுக்கே வரும். ஆகவே விற்ற தேதியையும், பெயர் மாற்றம் எப்போது முடியும் என்பதையும் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். பரிவாகன் தளத்தில் மாதம் ஒருமுறை வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உங்கள் பெயர் மறையும் வரை, வண்டி எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு உங்கள் கையை விட்டுப் போனது என்று காட்டும் இன்வென்ட்ரி தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.